பெருக்காத கொல்லை

பள்ளிப் பாடப் புத்தகத்தில் நான்கு பருவங்களின் படம் ஒன்று இருக்கும். மூன்றாவது கட்டத்தில் ஒரு மரம், அதன் காலடியில் ஆரஞ்சு நிற இலைகள், கீழே 'இலையுதிர் காலம்' என்ற பெயர். அண்ணாமலை நகரில் அந்தப் படத்துக்கு மாதம் தேடினால் மாசி, பங்குனிதான் கிடைக்கும். வேம்பு அப்போதுதான் இலையைக் கொட்டுகிறது. செப்டம்பர், அக்டோபரில் இங்கே மரங்கள் மழைக்குக் காத்துக்கொண்டிருக்கின்றன. டொரண்டோவில் இருக்கும் உறவினர்கள் மேப்பிள் இலைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கும் அதே வாரத்தில் எங்கள் கிணற்றடியில் பவளமல்லி கொட்டிக் கிடக்கும்.

அதற்காக இந்தப் பருவத்துக்கு நம்மிடம் பெயர் இல்லாமல் இல்லை. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். நெடுநல்வாடை முழுக்க இந்தக் கூதிரின் குளிருக்குள் நடக்கிற பாட்டுதான். வடக்கே சரத் ருது என்றால் மழை விட்டு வானம் தெளிகிற காலம். நமக்கு நேர்மாறு. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20. கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அதற்குப் பிறகுதான் வருகிறது. தானே புயல் வந்தது 2011 டிசம்பரில், மாவட்டமே மூழ்கிய வெள்ளம் 2015 நவம்பரில், டிசம்பரில். ஆகவே இந்த ஊரில் கூதிரின் அறிகுறிகளைப் பார்ப்பது வெறும் ரசனை சார்ந்த காரியம் இல்லை. ஓட்டைப் பிரித்து மாற்றுவது, விறகை உள்ளே எடுத்து வைப்பது, நாற்றங்காலை என்ன செய்வது என்று முடிவெடுப்பது எல்லாம் அதைப் பார்த்துத்தான் நடந்தன.

என்ன அறிகுறிகள்? காற்று திரும்புவது முதலாவது. நான்கு மாதம் மேற்கிலிருந்து அடித்த காற்று நின்று, இரண்டு மூன்று நாள் ஒன்றுமே அசையாமல் புழுங்கி, பிறகு வாடை வரும். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறும். ஒரு மழை விழுந்த சாயங்காலம் ஈசல் கிளம்பி, குழல்விளக்கைச் சுற்றிவிட்டு, விடிந்தால் திண்ணை முழுக்க இறகாகக் கிடக்கும். அதற்கெல்லாம் முன்னால் தட்டான்கள். கொல்லைக்கு மேலே, தென்னைக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் கூட்டமாக, எதிலும் உட்காராமல் போய்வந்துகொண்டே இருக்கும். "தட்டான் தாழப் பறக்குது, துணிய எடு" என்பது அம்மா வாயிலிருந்து வருகிற முதல் வானிலை அறிக்கை.

இந்தத் தட்டானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பாண்டலா ஃபிளாவெசென்ஸ் என்று அதற்குப் பெயர். மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர் ஏறக்குறைய இல்லாத அந்தப் பவளத்தீவுகளில் ஒவ்வொரு அக்டோபரிலும் லட்சக்கணக்கில் தட்டான்கள் எங்கிருந்து வந்து இறங்குகின்றன என்று பல ஆண்டுகள் குறித்துவைத்தார். முட்டையிட நன்னீர் வேண்டிய பூச்சிக்கு அந்தத் தீவுகளில் வேலையே இல்லை. 2009இல் அவர் வெளியிட்ட முடிவு இது: இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு வழியாக, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன, மழையைக் கொண்டுபோகும் காற்றிலேயே ஏறிப் போகின்றன. ஒரே தட்டான் போய்த் திரும்புவதில்லை. பல தலைமுறைகள் சேர்ந்து முடிக்கிற சுற்று அது, மொத்தம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். மழை பெய்து தேங்கும் குட்டை எங்கே இருக்குமோ அங்கே முட்டையிட வேண்டும், அவ்வளவுதான் அதன் கவலை. அம்மாவின் துணிக்காக அது தாழப் பறக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 'அறிகுறி' என்று சொல்லும்போதே அந்த உயிரை நாம் ஒரு தகவலாக்கிவிடுகிறோம். என் தொழிலில் இது அன்றாட வேலை. நூறு சர்வர்கள் ஓடுகின்றன. எதையும் நேரில் பார்ப்பதில்லை. ஒரு திரையில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள், அவற்றைப் பார்த்து எங்கே என்ன நடக்கப்போகிறது என்று ஊகிப்பது. அந்தப் புள்ளிகளுக்கு என்னைத் தவிர வேறு சோலி கிடையாது. யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவை இருக்கின்றன. கொல்லையில் இருப்பவை அப்படியல்ல. ஒவ்வொன்றும் தன் காரியமாக வந்திருக்கிறது. அதன் காரியத்தின் ஓரத்தில் நமக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. அப்படிக் கிடைப்பதற்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? கடன் என்றால் அதை யார் கட்டுவது?

இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். எங்கள் வீட்டில் இது ஆறுமணிக்குருவியின் வடிவத்தில் வருகிறது.

சிலர் தோட்டக்கள்ளன் என்பார்கள். இந்தியில் நவரங். கிட்டத்தட்ட மைனா அளவு, ஆனால் வாலே இல்லையோ என்று தோன்றுகிற குட்டை வால். முதுகு பச்சை, தோளில் நீலம், வயிறு சந்தனம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைக் கடந்து ஒரு கறுப்புப் பட்டை. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. வந்து இறங்கும்போது பல சமயம் எழுந்து பறக்கவும் தெம்பில்லாமல் வீடுகளுக்குள், மாடிப்படிகளில் கிடக்கும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் ஓரிரு முறை விசில் அடிப்பதுபோலக் கூப்பிடும்; பெயர் அதனால் வந்தது. புரட்டாசி கடைசியில் அந்தக் குரல் கேட்டால் எனக்குக் கூதிர் பிறந்துவிட்டது.

அது மரத்தில் தின்பதில்லை. தரையில், சருகுக்குள் தின்கிறது. அலகால் சருகைத் தள்ளி, அடியிலிருக்கும் புழுவையும் பூச்சியையும் எடுக்கிறது. எங்கள் கொல்லையில் ஒரு மா, ஒரு பூவரசு, நாட்டு வாதுமை ஒன்று. இலையுதிர் காலம் இல்லாத ஊர் என்றேனே தவிர, வாதுமை ஆண்டில் இரண்டு தடவை இலையைச் சிவக்கவைத்துக் கொட்டுகிற மரம். மா எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டிருக்கும். ஆடி, ஆவணிக் காற்று அதையெல்லாம் கிழக்குச் சுவரோரம் தள்ளி, முழங்கால் அளவு மெத்தையாக வைத்திருக்கும். மழைக்கு முன்னால் கொல்லையைப் பெருக்கி, சருகைக் குவித்துக் கொளுத்துவது இங்கே வழக்கம். கொளுத்தாவிட்டால் குருவிக்குச் சாப்பாடு. கொளுத்தினால் அது வேறு வீடு பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு வீடு இல்லை என்பதுதான் விஷயம். புதிதாகக் கட்டுகிறவர்கள் சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்ட் கல் பதித்துவிடுகிறார்கள். மழைநீர் இறங்க இடமில்லாமல் தெருவுக்கு வருகிறது, பிறகு பாசிமுத்தான் ஓடை பொங்கிவிட்டது என்று ஓடையைத் திட்டுகிறோம்.

நான் கொளுத்த வேண்டாம் என்ற கட்சி. அம்மா எதிர்க்கட்சி. "இது வீடா, காடா?" என்பது அவருடைய வாதத்தின் முழு வடிவம். இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், நியாயமாக அவரைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று வாசகருக்குத் தோன்றலாம். தினமும் விடிகாலை ஐந்தரைக்கு வந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, கொல்லையைப் பெருக்கிவிட்டு, அடுத்த மூன்று வீடுகளுக்குப் போகிறவர். அக்கா என்று கூப்பிடுகிறேன், அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஐப்பசியில் ஐந்தரை மணி என்பது இருட்டு. அவர் காலில் ரப்பர் செருப்பு, கையில் தென்னந்துடைப்பம்.

சருகை விட்டுவைப்பதில் இருக்கிற பயம் என்ன என்று தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி விரியனின் தோல் சருகுக்குள் கிடப்பதற்கென்றே செய்ததுபோல இருக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கடித்ததே தெரியாமல் போவதுண்டு, பிறகு இமை தொங்கத் தொடங்கும். மழை தொடங்கி வளைகளில் நீர் புகுந்தால் இரண்டும் மேட்டைத் தேடி வரும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் கிராமத்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு, பாம்புக்கடி நேர்ந்தால் மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது 2024இல். 'புறக்கணிக்கப்பட்ட' என்ற சொல்லை அந்தப் பட்டியலில் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: பாம்பு யாரையும் ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் இருட்டில் செருப்போடு யார் நடக்கிறார்கள் என்பதை நாம்தான் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

நான் சருகின் பக்கம் பேசும்போது சொல்கிற வாதங்கள் சரியானவைதான். பாம்பு சருகுக்காக வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வருகிறது. சருகைக் கொளுத்திவிட்டு எச்சில் சோற்றைச் சுவரோரம் கொட்டும் வீட்டில் எலி இருக்கும், பாம்பும் வரும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள்ளேயே இருக்கிறது, விஷமுறிவு மருந்துக்காக மணிக்கணக்கில் வண்டியோட்ட வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் உள்ள கொல்லையில் பாம்பு தென்பட்டால் அணில் விடாமல் கத்தும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு ஊரைக் கூட்டும். உயிர்கள் நிறைந்த கொல்லை என்பது காவலும் நிறைந்த கொல்லை. எல்லாம் உண்மை. ஆனால் ஐந்தரை மணிக்கு அணிலும் தவிட்டுக்குருவியும் தூங்கிக்கொண்டிருக்கும். ஏழரை மணிக்குக் காபியோடு பின்கதவைத் திறக்கிற எனக்குத்தான் அந்தக் காவல்.

அக்காவிடம் கேட்டேன். அவர் சொன்னது: "சொன்னா விட்டுடறேன் தம்பி, எனக்கென்ன." பிறகு துடைப்பத்தைத் தட்டி ஈர்க்குகளைச் சமப்படுத்திக்கொண்டே, "அந்தக் குருவிக்கு ரெக்கை இருக்கு. ஒண்ணுன்னா பறந்துடும். எனக்குக் காலுதான் இருக்கு" என்றார்.

'எனக்கென்ன' என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியுமா? மாதச் சம்பளம் கொடுக்கிற வீட்டில் இருப்பவர் கேட்கும்போது வருகிற 'எனக்கென்ன' அது. மென்பொருள் நிறுவனங்களில் இதன் வேறு வடிவத்தை எல்லோரும் சொல்லியிருக்கிறோம், மேலாளர் சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்கும்போது. மறுக்க முடியாத இடத்திலிருந்து வருகிற சரியை, சரி என்று கணக்கில் வைப்பது கடினம்.

வலசைப் பறவையை விருந்தினர் என்று சொல்வது நம் எழுத்தில் பழகிப்போன உவமை. நானும் அப்படித்தான் நினைக்கிறேன், அதை விட்டுவிட மனமில்லை. விருந்து என்ற சொல்லின் பழைய பொருளே புதுமை; முன்பின் அறியாதவர் வருவதுதான் விருந்து, மாமா வீட்டார் வருவதல்ல. இரவெல்லாம் பறந்து, பெயர் தெரியாத ஊரில், யாருடையது என்று தெரியாத சருகில் வந்து இறங்குகிற ஒன்றைவிடப் பெரிய விருந்து எது? ஆனால் விருந்தோம்பலைப் பற்றிய நம் பெருமைக்குள் எப்போதும் ஒரு அடுப்படி இருந்திருக்கிறது. வந்தவரை வாசலில் வரவேற்கிறவருக்குப் பெயர். புகையில் நிற்கிறவருக்கு இன்னொரு படி அரிசி. என் கொல்லையின் விருந்தோம்பலிலும் அதே ஏற்பாடுதான். ஆறுமணிக்குருவியைப் படமெடுத்துப் போட்டால் பாராட்டு எனக்கு வரும்.

ஆல்டோ லியோபோல்டின் புத்தகம் 1949இல் வந்தது. இயற்கை சார்ந்த அறம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அவரிடம் போய்வருவார்கள். மனிதன் நிலத்தை வென்றவன் என்ற இடத்திலிருந்து இறங்கி, மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த ஒரு சமூகத்தின் சாதாரண உறுப்பினனாக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மாதம் மாதமாகப் பருவத்தின் அறிகுறிகளைக் குறித்துச் செல்லும் அருமையான எழுத்து. விஸ்கான்சினில் அவர் வாங்கிப்போட்ட, தேய்ந்துபோன பண்ணை நிலம் அது; அவரும் மனைவியும் பிள்ளைகளும் வாரயிறுதிகளில் போய்த் தங்கள் கையாலேயே மரம் நட்டார்கள். பக்கத்துப் பண்ணையில் பிடித்த புல்தீயை அணைக்கப் போன இடத்தில், 1948 ஏப்ரலில், மாரடைப்பில் இறந்தார். அந்த மனிதரின் பேச்சுக்கும் கைக்கும் இடையில் இன்னொருவர் கை இல்லை. அந்தச் சமூகத்தின் உறுப்பினர் பட்டியலில் சம்பளத்துக்குப் பெருக்குகிறவர் எங்கே வருவார் என்ற கேள்வி அவருக்கு எழ வேண்டிய அவசியமும் இல்லை. நம் ஊரில் அந்தக் கேள்வியைத் தாண்டாமல் மண்ணுக்குப் போகவே முடியாது.

வள்ளலாரிடம் வேறு தொடக்கம் இருக்கிறது. அவர் பிறந்த மருதூர் சிதம்பரத்துக்கு அருகில்தான். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அவருடைய ஜீவகாருண்யம் எல்லா உயிருக்குமானது, ஆனால் அது பசியிலிருந்து தொடங்குகிறது. அழகிலிருந்து அல்ல. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்பது நிறம் இல்லாமல் மண் நிறத்தில் ஒரு குருவி வந்திருந்தால் சருகுக்காக இவ்வளவு மல்லுக்கட்டியிருப்பேனா என்பதை ஜீவகாருண்யம் கேட்கும். குருவியின் பசியை எடுத்தால் பக்கத்திலேயே இன்னொரு பசியும் வந்து நிற்கும்: நான்கு வீடு பெருக்கினால்தான் அடுப்பெரியும் என்பதால் இருட்டில் வருகிறவருடையது. நேரத்தைத் தள்ளி ஏழு மணிக்கு வரச் சொல்லலாமே என்று முதலில் தோன்றும் தீர்வு இங்கே உடைகிறது. எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற வீடுகள் அவருடைய வரிசையில் இருக்கின்றன. எங்கள் வீடு தள்ளினால் ஒரு வீடு விழும். குருவிக்கான சருகின் விலையை அவர் சம்பளத்தில் கழித்ததாகும்.

அறிகுறி படிப்பதைப் பற்றிச் சங்கப் பாட்டில் ஒரு அபூர்வமான இடம் உண்டு. குறுந்தொகை 66, கோவர்த்தனார் பாடியது. கார் வந்ததும் திரும்புவேன் என்று போன தலைவன் திரும்பவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி உடைந்துபோகப் போகிறாள். அப்போது தோழி, இது காரே இல்லை, ஏதோ பருவம் தவறிப் பெய்த மழையைப் பார்த்துக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது, மரம்தான் முட்டாள் என்கிறாள். மரத்தைப் பற்றிய தகவலாக அது பொய். தோழிக்கும் தெரியும், அனேகமாகத் தலைவிக்கும் தெரியும். அவள் பூவைப் படிப்பது பூவுக்காக அல்ல, பக்கத்தில் நிற்கிறவளுக்காக. நான் பொய் சொல்லலாம் என்று வாதிடவில்லை. பருவத்தை வாசிக்கும்போது யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்கிறோம் என்பதும் வாசிப்பின் பகுதி என்று அந்தத் தோழி நினைக்கிறாள். அக்காவும் கொல்லையை வாசிக்கிறார், என்னைவிட நுட்பமாக. அணில் எந்தச் சுருதியில் கத்தினால் பூனை, எதில் கத்தினால் பாம்பு என்பது அவருக்குத் தெரியும். செம்போத்து சுவரோரம் நடந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் போகமாட்டார். அது பாம்பைத் தேடுகிற பறவை. அதே கொல்லை, அதே ஐப்பசி, அறிகுறிகள் வேறு.

பிச்சாவரத்துக்குப் போகிற வழியில் கிள்ளையில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறது. நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பும் வாழலாம், மனிதரும் வாழலாம் என்று நான் சாவகாசமாகச் சொல்ல முடிவதற்குப் பின்னால், வெறுங்கையால் பாம்பு பிடிக்கிற சிலருடைய உழைப்பு மருந்துக்குப்பியாக உட்கார்ந்திருக்கிறது. சருகைக் காப்பாற்றும் என் தரப்புக்கு இதுவும் செலவுக்கணக்குதான்.

இவ்வளவுக்குப் பிறகும் கொளுத்துவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. சுத்தமான கொல்லையை அப்பாவிக் கொல்லை என்று நினைக்க முடியவில்லை. அதன் செலவு வேறொருவர் தலையில், இந்த முறை ஒரு குருவி தலையில், பிறகு தெருக்கோடியில் வெள்ளம் புகும் வீட்டின் தலையில். ஆனால் என் விருப்பத்தின் ஆபத்து என் காலுக்கு வர வேண்டும் என்ற அளவுக்குத் தெளிவு இருக்கிறது. கிழக்குச் சுவரோரம் இனி என் பொறுப்பு: சனிக்கிழமை காலை, வெயில் ஏறிய பிறகு, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீளக் கம்போடு. அக்காவுக்குச் சம்பளம் குறையாது, அந்தப் பகுதி மட்டும் வேலையிலிருந்து குறையும். பின்வாசலிலிருந்து துணி துவைக்கும் கல்வரை பாதையைச் சுத்தமாக வைத்து, ஒரு விளக்கும் போட்டிருக்கிறது. விளக்குக்கு ஈசல் வரும், ஈசலுக்குத் தவளை வரும், தவளைக்கு எது வரும் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்தரைக்கு முன்னால் எரியாதபடி ஒரு டைமர் வைத்தேன். மழை தொடங்கினால்தான் அது போதுமா என்று தெரியும்.

மிச்சமிருந்தது பாதை எத்தனை அடி அகலம் என்பது. ஐந்து போதும் என்றேன், அம்மா எட்டு என்றார். நேற்று அக்கா துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கட்டையால் மாமரத்தடி மண்ணில் ஒரு கோடு இழுத்தார். அளந்து பார்த்தேன், பத்தரை அடி.